நெல்லிக்கனியும் நற்சுருட்டும்

கொடை என்பது கொடுக்கப்படும் பொருளோடு முடிந்துவிடுவதில்லை. கொடுப்பவர் கொள்பவரை எவ்வாறு மதிக்கிறார், அவர் நாளை எத்தகைய மனிதராக வாழவேண்டுமென விரும்புகிறார் என்பனவற்றையும் அது சேர்த்தே சொல்லிவிடுகின்றது. மாணவனுக்கு நூலும், மணமகளுக்குக் கூறையும், உழவனுக்கு விதைநெல்லும் கொடுக்கின்ற சமூகம், அவரவர் வாழ்வு எத்திசையில் வளரவேண்டும் என்பது பற்றி ஒரு கருத்தினை உடைய சமூகமாகும். இவ்வளவுகோலைக் கொண்டு நோக்கும்போது, வன்னிப் பெருநிலப்பரப்பின் கொண்டாட்ட வீடுகளில் இன்று இடைக்கிடை காணப்படும் ஒரு கொடை ஆராய்தற்குரியதாகின்றது. புகைத்தலை அப்போதுதான் தொடங்கியிருக்கும், அல்லது தொடங்கலாமா எனத் தயங்கி நிற்கும் இளைஞன் ஒருவனுக்கு, நல்லதாகப் பார்த்து ஒரு சுருட்டினைத் தெரிந்தெடுத்துப் பரிசளித்தலே அக்கொடையாகும்.

ஆடி, ஆவணி மாதங்களில் ரொறன்ரோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவினர் ஊர் திரும்புகின்றனர். கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ நெடுங்கேணியிலோ ஒரு கலியாண வீடு. பந்தல் போடும் இரவு. மாமனோ சித்தப்பனோ தம் பொதியிலிருந்து மரப்பெட்டி ஒன்றை எடுக்கின்றார். "கண்டதையும் பத்தாதை தம்பி, பத்துறதெண்டால் இதைப் பத்து" என்ற உபதேசத்தோடு அது இளைஞன் கைக்கு மாறுகின்றது. அதனைத் தெரிந்தெடுத்த அருமையும் அவனுக்கு விளக்கப்படுகின்றது. வெளியிலை வெளிர்நிறமானது, ஆதலால் காரம் குறைவு. நீளம் சிறிது; ஆதலால் களைப்புத் தராது. வயிறு நிறைய உண்டபின் பிடிக்கவேண்டும்; புகையை உள்ளே இழுத்தல் ஆகாது; பக்கத்தில் இனிப்பான பானம் ஒன்று இருத்தல் நன்று. கேட்டு நிற்பவர் தலையசைக்கின்றனர். எந்தச் சுருட்டு என்ற வினா இத்துணை விரிவாக ஆராயப்படும் அவ்விடத்தில், சுருட்டு எதற்கு என்ற வினா எழுவதேயில்லை. தெரிவு பற்றிய பேச்சு, தேவை பற்றிய பேச்சினை விழுங்கிவிடுகின்றது.

இக்கொடைக்குச் சார்பாகக் கூறப்படும் நியாயங்கள் நான்கு. எப்படியும் அவன் புகைக்கத்தான் போகின்றான், தீயதைப் புகைப்பதிலும் நல்லதைப் புகைத்தல் மேல் என்பது முதலாவது. சிகரெட்டைப் போலச் சுருட்டின் புகை நெஞ்சுக்குள் இழுக்கப்படுவதில்லை, ஆகவே தீங்கு பெரிதன்று என்பது இரண்டாவது. சுருட்டு தமிழர் விருந்தோம்பலோடும் வழிபாட்டோடும் கலந்துவிட்ட பொருள் என்பது மூன்றாவது. அது தமிழ்த் தொழிலாளர் கையால் விளைந்த கைத்தொழில், அதனை ஆதரித்தல் கடமை என்பது நான்காவது. இவை நான்கும் கேட்பதற்கு இனிமையானவை. ஆயின் ஒன்றேனும் உரைத்துப் பார்க்கையில் நிலைப்பதில்லை.

முதலாவது நியாயத்தை எடுத்துக்கொள்வோர் ஓர் எளிய உண்மையை மறந்துவிடுகின்றனர். முதன்முதலாகப் புகைப்பவனின் உடல் அதனை ஏற்பதில்லை. தலை சுற்றுகின்றது, நெற்றி வியர்க்கின்றது, வாயில் நீரூறிக் குமட்டுகின்றது, பலர் வாந்தியெடுக்கின்றனர். இது சுருட்டின் தரக்குறைவால் நேர்வதன்று. நிக்கொட்டின் என்னும் நஞ்சினை உடல் இனங்கண்டு வெளியே தள்ள முனைவதால் நேர்வது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நச்சிலையையும் நச்சுக்காயையும் விலக்கிக் காட்டில் வாழ்ந்து பிழைத்த மனித உடலின் பழைய அறிவு அது. வன்னிக் காட்டில் தேனெடுக்கச் செல்பவன் அறியாத பழம் ஒன்றை நாவில் வைத்துத் துப்புவதும் அதே அறிவினாலேயே.

இப்போது, புதியவனுக்குச் சுருட்டுத் தெரிவோர் கூறும் விதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தல் வேண்டும். காரம் குறைந்ததை எடு என்பது குமட்டலைத் தவிர்ப்பதற்கு. வயிறு நிறைய உண் என்பது தலைச்சுற்றலைத் தவிர்ப்பதற்கு. இனிப்பினைப் பக்கத்தில் வை என்பதும் அதற்கே. இவ்விதிகள் யாவும் உடல் சொல்ல முனையும் மறுப்பினை அது சொல்லிமுடிக்கு முன்னரே வாயடைக்கும் உபாயங்கள். நல்ல சுருட்டினைத் தெரியும் கலை எனப் போற்றப்படுவது, ஓர் இளைஞனின் உடலுக்குள் இருக்கும் காவலனைத் தூங்கவைக்கும் கலையேயன்றிப் பிறிதில்லை.

எப்படியும் புகைக்கத்தான் போகின்றான் என்னும் வாதமும் இங்கேயே தன்னைத்தான் மறுத்துக்கொள்கின்றது. எப்படியும் புகைப்பவனுக்கு மென்மையான சுருட்டு தேவையில்லை. அவன் பெட்டிக்கடையில் கிடைப்பதை வாங்கிப் பற்றவைத்துக்கொள்வான். மென்மையானது எவனுக்குத் தேவைப்படுகின்றதோ அவன் இன்னும் தயங்கி நிற்பவன். ஒரு கசப்பான மாலையோடு அந்தப் பழக்கத்தை என்றென்றைக்கும் கைவிட்டுவிடக் கூடியவன். ஆகவே தெரிந்தெடுத்த சுருட்டு என்னும் பரிசு, திரும்பிச் செல்லக்கூடியவன் திரும்பிச் செல்லாதிருக்கும் பொருட்டு அளிக்கப்படும் பரிசாகின்றது. நல்லெண்ணம் உடையோர் கையாலேயே இது நடைபெறுகின்றது என்பதுதான் இதிலுள்ள கொடுமை.

இரண்டாவது நியாயம் மருத்துவம் பற்றியது. சுருட்டின் புகையைப் பெரும்பாலோர் உள்ளிழுப்பதில்லை என்பது மெய்யே. ஆனால் பதப்படுத்திய சுருட்டிலையின் புகை காரத்தன்மை உடையது. ஆதலால் நெஞ்சுக்குள் செல்லாமலே வாயின் மென்றோல் வழியாக நிக்கொட்டின் குருதியிற் கலந்துவிடுகின்றது. பெரிய சுருட்டு ஒன்றிலுள்ள புகையிலை, சில வேளைகளில் ஒரு பெட்டிச் சிகரெட்டிலுள்ள புகையிலைக்கு ஈடானது. 1998ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவகம் சுருட்டினைப் பற்றியே தனி அறிக்கை ஒன்றினை வெளியிட்டது. வாய், குரல்வளை, உணவுக்குழாய், நுரையீரல் ஆகியவற்றில் புற்றுநோயைச் சுருட்டு விளைவிக்கின்றது என்பதை அது தெளிவாக்கியது. இலங்கை ஆண்களிடையே உதடு, வாய், தொண்டை சார்ந்த புற்றுநோய்கள் முன்வரிசையில் நிற்கின்றன. வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பழக்கம் ஏற்கெனவே வேரூன்றியுள்ள மண்ணில், அதே வாய்க்கு இன்னுமொரு தீயினைப் பரிசளித்தல் எவ்வகையில் அன்பாகும்?

உளப்பகுப்பாய்வின் தந்தை சிக்மண்ட் புரொய்ட் நாளொன்றுக்கு இருபது சுருட்டுகள் வரை புகைத்தவர். தம்பியின் மகனான பதினேழு வயது இளைஞனுக்கு ஒருமுறை அவர் சிகரெட்டு ஒன்றை நீட்டினார். அவன் வேண்டாமென்றபோது, உலகின் பெரியவையும் மலிவானவையுமான இன்பங்களுள் ஒன்றை முன்கூட்டியே ஒதுக்குபவனுக்காகத் தாம் இரங்குவதாக அவர் சொன்னார் என வரலாற்றாசிரியர் எழுதியுள்ளனர். 1923இல் அவரது வாயில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதன்பின் 30க்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகள். மேலண்ணம் அகற்றப்பட்ட இடத்தில் பொருத்திய செயற்கை உறுப்பு. பேச்சும் உணவும் வேதனை. 1939இல் லண்டனில் அவர் இறந்தார். மனித மனத்தின் ஆழங்களை அளந்த மேதையாலும் தம் கையிலிருந்த சுருட்டினைக் கீழே வைக்க முடியவில்லை. ஒரு முறைதானே, ஒரு நல்ல சுருட்டுத்தானே என்று கூறிக் கொடுப்பவர், அந்த மேதையிலும் மனவலிமை மிக்கவனாகத் தம் மருமகனை எண்ணுகின்றனரா என்பது கேட்கத்தக்கது.

மூன்றாவது நியாயம் பண்பாடு பற்றியது; பல்கலைக்கழகத் தமிழரிடையே அதுவே மிகவும் எடுபடுவது. புகையிலை தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் வந்தது போர்த்துக்கேயர் வருகையின் பின்னரே. சங்கச் சான்றோர் அதனை அறியார். கள்ளும் ஊனும் கலிங்கமும் பொற்றாமரையும் பாணருக்கு ஈந்த வள்ளல்கள் எவரும் சுருட்டு ஈந்திலர். பிற்காலத்திலே சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகன்மீது 'புகையிலை விடு தூது' பாடினார் என்பதும், மூவர் கையிலும் கொடுக்கப்பட்ட இலைகளுள் பிரமனுடையது மட்டும் போகாதிருந்ததாகச் சொல்விளையாட்டாக அதில் ஒரு கதை உண்டென்பதும் மெய். ஆயினும் அது தலைவியின் ஏக்கத்தை நகைச்சுவையோடு எடுத்துரைக்கும் சிற்றிலக்கியம். இளைஞருக்கான வாழ்க்கைச் சட்டமன்று.

விராலிமலை முருகனுக்குச் சுருட்டு நைவேத்தியமாக வைக்கப்படுகின்றது. மதுரைவீரனுக்கும் முனியப்பனுக்கும் படையலில் சுருட்டு உண்டு. தெய்வமே ஏற்கும் பொருள் மனிதருக்கு ஆகாதா என வினவுவோர் உளர். படைப்பவன் தான் விரும்பியதைத் தெய்வத்தின்முன் வைக்கின்றான். அதனால் தெய்வத்துக்கு நுரையீரல் கெடுவதுமில்லை, பழக்கம் ஒட்டுவதுமில்லை. தெய்வத்துக்கு எவரும் புகைக்கக் கற்றுக்கொடுப்பதுமில்லை. சுருட்டு என்னும் தமிழ்ச் சொல்லே ஆங்கிலத்தில் 'செரூட்' ஆயிற்று எனப் பெருமை பேசுவோரும் உளர். 1887இல் வெளிவந்த கொனன் டொயிலின் முதலாவது ஷெர்லொக் ஹோம்ஸ் கதையில் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு இடம்பெறுவது அவர்களுக்கு மற்றுமொரு பெருமை. அக்கதையில் திருச்சிச் சுருட்டின் சாம்பல் கிடப்பது பிணம் கிடந்த அறையில். அதனைப் புகைத்தவன் கொலையாளி. பெருமை பேசுமுன் கதையை முழுவதும் படித்தல் நன்று.

வன்னியின் பழைய வழக்கினையே சான்றாக எடுத்துக்கொண்டாலும் இக்கொடைக்கு அங்கு இடமில்லை. கலியாண வீட்டிலும் செத்தவீட்டிலும் திண்ணையில் வைக்கப்படும் தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலையோடு சுருட்டும் இருந்தது. வயற்காவலுக்குப் பரணில் இரவைக் கழித்த கமக்காரனுக்கு அது துணையாயிருந்தது. சுருட்டுப் பத்திய ஆச்சிமாரும் இருந்தனர். எனினும் தட்டம் எவரையும் வற்புறுத்தவில்லை. வேண்டியவர் எடுத்தனர், வேண்டாதவர் தட்டத்தைத் தொட்டு வைத்தனர். பெரியவர் முன் இளையவர் புகைத்தல் மரியாதைக் குறைவெனக் கொள்ளப்பட்டது. தகப்பனைக் கண்டதும் சுருட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்த மகனின் அச்சத்தில் அதிகாரமும் இருந்தது. ஆயினும் அவனைப் புகையிலிருந்து ஓரளவு தள்ளிவைத்த வேலியும் அதுவே. இன்றைய கொடை அவ்வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பிடுங்கியதற்கே பண்பாடு எனப் பெயர் சூட்டுகின்றது. அறுபது ஆண்டு புகைத்த முதியவரின் சுருட்டினை இக்கட்டுரை கேள்விக்குட்படுத்தவில்லை. அவரது பழக்கத்தைப் பேரனுக்கு உரிமைச்சொத்தாக எழுதிக்கொடுக்கும் உரிமை எவருக்குண்டு என்பதே கேள்வி.

நான்காவது நியாயம் உழைப்பின் பெயரால் எழுகின்றது. ஆதலின் மதிப்போடு எதிர்கொள்ளத்தக்கது. யாழ்ப்பாணப் புகையிலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருவிதாங்கூருக்குச் சென்று குடாநாட்டுக்குச் செல்வம் சேர்த்தது. யாழ்ப்பாணச் சுருட்டு தென்னிலங்கையின் சிறு நகரங்கள் வரை சென்றது. சுருட்டுக் கொட்டில்களில் வரிசையாக அமர்ந்து சுற்றிய தொழிலாளர், எண்ணிக்கைக்குக் கூலி பெற்றனர். ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க ஏனையோர் கைவேலையை நிறுத்தாது கேட்டனர். அரசியலும் இலக்கியமும் அவ்வாறே அவர்களை வந்தடைந்தன. கியூபாவின் ஹவானாவிலும் 1865 அளவிலிருந்து இவ்வாறே சுருட்டாலைகளில் வாசகர் அமர்த்தப்பட்டனர். கடல்கள் கடந்து இரு தீவுகளில் ஒரே தொழிலாளர் ஒரே வகையில் அறிவுப் பசியைத் தீர்த்துக்கொண்டமை வியப்புக்குரியது. ஆயின் அவ்வரலாற்றின் பெருமை எங்கே இருக்கின்றது? புகையிலா, வாசிப்பிலா? சுருட்டுத் தொழிலாளியை மதிப்போர் அவரது வாசிப்பினை இளைஞருக்குப் பரிசளிக்கட்டும். மேலும், மரப்பெட்டியில் வந்திறங்கும் வெளிநாட்டுச் சுருட்டினால் கொக்குவிற் கொட்டிலில் சுற்றியவருக்கு ஒரு சதமும் சேர்ந்ததில்லை. உள்ளூர்ச் சுருட்டினை 'கண்டது' என்று இகழ்ந்துவிட்டு வெளிநாட்டுப் பெட்டியைத் திறப்பவர், உள்ளூர்த் தொழிலாளியின் பெயரை வாதத்துக்கு மட்டும் அழைத்தல் நேர்மையன்று.

நான்கு நியாயங்களும் இவ்வாறு உதிர்ந்தபின் எஞ்சி நிற்பது யாது? அந்தஸ்து. பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளிவந்த தமது கொடை பற்றிய நூலில், கொடுத்தல், ஏற்றல், திருப்பிக் கொடுத்தல் ஆகிய மூன்றும் கடமைகளாகப் பிணைந்திருப்பதனை விளக்கினார். ஏற்க மறுத்தல் உறவினை மறுத்தலாகின்றது. மாமன் கொடுத்த சுருட்டினை மறுக்கும் இளைஞன் சுருட்டினை மட்டும் மறுத்தவனாகக் கருதப்படுவதில்லை; மாமனையே மறுத்தவனாகின்றான். 2009இன் பின், தறப்பாள் கொட்டிலிலிருந்து கல்வீட்டுக்கு வந்த குடும்பங்கள் பலவற்றில், அந்த வீட்டின் கூரையும் தங்கையின் படிப்பும் அதே மாமன் அனுப்பிய பணத்தில் நிற்கின்றன. இந்நிலையில் அவன் எவ்வாறு வேண்டாமென்பான்? 2006ஆம் ஆண்டின் புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபைச் சட்டம் 21 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலைப் பொருள்களை விற்பதனைத் தடைசெய்தது. கடைக்காரனை நோக்கிப் பேசும் அச்சட்டம் பந்தலுக்குள் நீளும் மாமனின் கையை எட்டுவதில்லை. அங்கே சட்டத்தின் இடத்தில் மனச்சாட்சியே நிற்கவேண்டும்.

சிறப்புச் சுருட்டு அதிகாரத்தின் அணிகலன் என்பதை உலக வரலாறும் காட்டும். 1962 பெப்ரவரியில் கியூபா மீதான வணிகத் தடையில் ஒப்பமிடுமுன், ஜனாதிபதி கென்னடி தமது ஊடகச் செயலாளரை அனுப்பித் தமக்கென ஆயிரத்துக்கு மேற்பட்ட கியூபச் சுருட்டுகளைச் சேகரித்துக்கொண்டார். கியூபாவின் கொஹிபாச் சுருட்டு 1982இல் சந்தைக்கு வரும்வரை, பிடல் கஸ்ரோவுக்கும் அரச விருந்தினருக்குமே உரிய கொடைப்பொருளாயிருந்தது. ஆயினும் அக்கொடைக்கே உலகப் புகழ் தேடித்தந்த கஸ்ரோ 1985இல் புகைத்தலைக் கைவிட்டார். ஒரு பெட்டிச் சுருட்டினைக் கொண்டு செய்யத்தக்க மிகச் சிறந்த காரியம் அதனைப் பகைவனுக்குக் கொடுத்துவிடுதல் என்று அவர் பின்னர் கூறியதாகவும் சொல்லப்படுகின்றது. புரட்சியாளரின் சுருட்டுப் பிடித்த படத்தை அறைச்சுவரில் ஒட்டிவைத்திருக்கும் மாணவர், அந்தப் பிற்பகுதியையும் ஒட்டிவைத்தல் தகும்.

வன்னியைப் பொறுத்தவரை இவ்விடயம் மேலும் கனதியானது. போர் தின்ற மண்ணில் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் ஏராளம். அத்தகைய வீடொன்றில் வளர்ந்து இருபதைத் தொட்டிருக்கும் மகனின் நெஞ்சும் கையுமே அக்குடும்பத்தின் முதல். அவன் நோயுற்றால், முல்லைத்தீவிலிருந்து தெல்லிப்பழைக்கு 100 கிலோமீற்றருக்கும் அதிகமான பயணம், அல்லது மகரகமை. பேருந்துச் செலவு, கூடநிற்பவரின் கூலியிழப்பு, அறுவடைக்கு ஆளில்லாத வயல் ஆகியவை தாயின் கணக்கிலேயே எழுதப்படுகின்றன. மரப்பெட்டியில் அக்கணக்கு அச்சிடப்பட்டிருப்பதில்லை.

தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையே ஒரு கொடையின் கதைதான். 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் தூரத்தினைப் பலர் 27 நாள்களில் நடந்து நிதி திரட்டினர். சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் வழிநெடுகச் சில்லறையும் தாள்களுமாகக் கொடுத்தவை சேர்ந்து 2013இல் அக்கட்டடம் திறக்கப்பட்டது. ஒரு புறம் முகமறியாதவர் கூடிப் புற்றுநோயாளருக்கு மனை எழுப்புகின்றனர்; மறுபுறம் முகமறிந்த உறவினர் அம்மனைக்கு எதிர்கால நோயாளரைத் தெரிந்தெடுத்த சுருட்டோடு அனுப்பிவைக்கின்றனர். இவ்விரு கொடைகளும் ஒரே மண்ணில் ஒரே காலத்தில் நிகழ்வது தமிழ்ச் சமூகம் வெட்கப்படவேண்டிய முரண்பாடாகும்.

இளைஞன் ஆளாகிவிட்டான் என்பதைச் சபையறிய ஏற்றுக்கொள்ளும் சடங்கு ஒன்று வேண்டும் என்ற உணர்வு இயல்பானதே. அதனைப் பழிக்க வேண்டியதில்லை. ஆயின் ஆளாக்குவது பொறுப்பு, புகையன்று. கலியாண வீட்டின் கணக்குக் கொப்பியை அவன் கையில் கொடுக்கலாம். இரணைமடு வாய்க்கால் நீர் பாயும் வயலில் ஒரு பாத்தியை அவன் பெயரில் விடலாம். நூலோ, கைத்தொழிற் கருவியோ, இடைநின்ற படிப்பைத் தொடர்வதற்கான கட்டணமோ கொடுக்கலாம். ஒன்றும் இல்லையெனில், சபையில் அவனைப் பெயர்சொல்லி அழைத்துப் பக்கத்தில் அமர்த்தி அவன் கருத்தினைக் கேட்கலாம். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

அரியதொன்றைத் தெரிந்து கொடுக்கும் மரபு தமிழருக்குப் புதிதன்று. உண்டவரை நெடுங்காலம் வாழவைக்கும் நெல்லிக்கனி அதியமானுக்குக் கிடைத்தது. பெறற்கரிய அக்கனியைத் தான் உண்ணாது, அதன் சிறப்பினை முன்னரே எடுத்துச் சொல்லாது, ஔவைக்கு ஈந்தான். கொள்பவரின் வாழ்நாள் நீளவேண்டும் என்பதொன்றே அத்தெரிவின் அளவுகோல். சிறப்பினை நெடிது விளக்கிக் கொடுக்கப்படும் இன்றைய நற்சுருட்டோ, கொள்பவனின் வாழ்நாளைக் குறைத்துக் கொடுப்பவரின் மதிப்பினை உயர்த்துகின்றது. அதியமானின் பெயரைச் சொல்லி வளர்ந்த இனம் எக்கொடையைத் தனதெனக் கொள்ளப்போகின்றது என்பதை இனிவரும் பந்தல் இரவுகளே காட்டும். புலம்பெயர்ந்த மாமன்மார் அப்பெட்டியை வாங்குமிடத்திலேயே விட்டுவிட்டு வரட்டும். அதற்குள் கை நீண்டுவிட்டால், வேண்டாமென மறுக்கும் இளைஞனின் பக்கம் பந்தலிலுள்ள பெரியவர் ஒருவரேனும் எழுந்து நிற்கட்டும்.